நாற்பது செக்கனும் பதினொரு நிமிடமும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனலெட்சுமி அக்காவுக்கும் சுகிர்தனுக்கும் எந்த உறவும் கிடையாது. அவர் மலேசியாவில், தெலுக் இந்தானில் பிறந்தவர். சுகிர்தன் யாழ்ப்பாணத்துக் கரவெட்டிக்காரன். இரண்டு பேருக்கும் வயதில் இருபத்தைந்து ஆண்டு வித்தியாசம், ஊர்களுக்கு நடுவில் ஒரு கடல். அந்த வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு முன்னால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. இதை நான் சொல்லவேண்டிய இடத்தில், சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லவில்லை. அதனால்தான் இப்போது இவ்வளவு சத்தமாகச் சொல்கிறேன்.

அக்காவுக்கு வயது அறுபத்தேழு. மெல்பர்னில், கிளேட்டனில், என் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. மலேசியாவில் தாதிப் பயிற்சி முடித்து எண்பத்தொன்பதில் இங்கே வந்தவர். ஒரே மருத்துவமனையில் முப்பத்துமூன்று ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். கணவர் இல்லை. மகள் குடும்பம் சிட்னியில் இருக்கிறது. குள்ளமான உருவம், தோளில் எப்போதும் ஒரு துணிப்பை. தாதிகள் சட்டையில் தலைகீழாகக் குத்திக்கொள்வார்களே, அந்தக் கடிகாரத்தை ஓய்வு பெற்ற பிறகும் கழற்றவில்லை.

எங்கள் தெருமுனைக்கு வரும் பேருந்து ஒருநாளும் நேரத்துக்கு வராது. நாங்களெல்லாம் புலம்புவோம். அக்கா புலம்பவில்லை. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய் நிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டார். முப்பது நாள். வரவேண்டிய நேரம், வந்த நேரம், ஏறியவர் எத்தனை பேர், மழையா வெயிலா என்று எல்லாம் எழுதி, நகல் எடுத்து நகராட்சிக்கு அனுப்பினார். அதில் நான்கு நாள் பேருந்து சரியான நேரத்துக்கு வந்ததையும் எழுதியிருந்தார்.

"அதை ஏன்க்கா எழுதினீங்க? நம்ம கேஸ்தானே வீக்காகுது?" என்று கேட்டேன்.

"வந்துச்சே தம்பி" என்றார்.

இந்தக் குணத்தால் அவர் பட்டது கொஞ்சமல்ல. வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருடம், ஒரு பெரிய டாக்டர் வந்து, நோயாளிக்கு ஊசி போட்ட நேரத்தைக் குறிப்பேட்டில் அரைமணி நேரம் முன்னால் தள்ளி எழுதச் சொல்லியிருக்கிறார். தாமதமாக வந்தது அவர். அக்கா மாட்டேன் என்றுவிட்டார். நோயாளி பிழைத்துக்கொண்டார், டாக்டரும் பிழைத்துக்கொண்டார். அக்காவுக்கு மட்டும் ஆறு வருடம் பதவி உயர்வு வரவில்லை. அதைப் பற்றி அவர் அலுத்துக்கொண்டு நான் கேட்டதில்லை. எனக்குத்தான் அந்தக் கதையைக் கேட்ட நாளெல்லாம் வயிறு எரிந்தது.

அப்படிப்பட்டவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழைய கார்ப் பந்தயத்தில் உட்கார வைத்தவன் நான்தான்.

என் பெயர் வாசுதேவன். திருச்சிக்காரன். ரயில் பெட்டிகளுக்கு பிரேக் வடிவமைக்கும் வேலை. பழைய கார் வாங்க வசதியும் இல்லை, நிறுத்த இடமும் இல்லை. பழைய பந்தயங்களைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கும் கிறுக்கு மட்டும் உண்டு. அந்தக் கிறுக்கினால் இங்கே ஒரு முன்னோடி மோட்டார் கழகத்தில் சேர்ந்தேன். நூறு வயது தாண்டிய கார் வைத்திருப்பவர்களின் கழகம். கார் இல்லாத உறுப்பினர் நான் ஒருவன்தான். கூட்டல் கழித்தல் சரியாகப் போடுவான் என்று கமிட்டியில் சேர்த்து, முடிவுகள் தொகுக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள்.

கழகத்தின் பெருமையே ஹாலோரன் கோப்பைதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதில் முதலில் ஓடிய பந்தயம் அது. இன்றைக்குக் கார்ப் பந்தயம் என்றால் காது கிழிய வட்டமடிப்பதுதான் நினைவுக்கு வரும். அந்தக் காலத்தில் வேகம் இரண்டாம் பட்சம். கிளம்பிய வண்டி போய்ச் சேருமா என்பதுதான் கேள்வி. சாலை என்பது மாட்டு வண்டி போட்ட தடம். ஓடைக்குப் பாலம் இருக்காது, இறங்கித்தான் ஏறவேண்டும். பெட்ரோலைத் தகர டின்களில் அடைத்து முன்கூட்டியே ரயிலில் அனுப்பி வைப்பார்கள். டயர் வெடிக்காத நாள் கிடையாது. இத்தனையையும் தாண்டி மூன்று நாள் நிற்காமல் ஓடிய காருக்குத்தான் கோப்பை. ஏனென்றால் நின்று போகாத கார்தான் விற்பனையாகும்.

விற்பனை என்று வந்துவிட்டால் பித்தலாட்டமும் கூடவே வரும். ஒரு ஆள் மலையடிவாரத்தில் குதிரை பூட்டி, உச்சி வரைக்கும் காரை இழுக்க வைத்து, அங்கே அவிழ்த்துவிட்டுக் கம்பீரமாக இறங்கி வந்தாராம். கழகத்தில் இன்றும் சிரித்துச் சிரித்துச் சொல்லும் கதை. அதற்காகத்தான் ஒவ்வொரு காரிலும் ஒரு கண்காணிப்பாளரை ஏற்றினார்கள். டிரைவருக்குப் பக்கத்தில், திறந்த இருக்கையில், தூசியும் மழையும் வாங்கிக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்க வேண்டும். கார் எங்கே நின்றது, எத்தனை நிமிடம், எஞ்சினில் கை வைத்தார்களா, தண்ணீர் ஊற்றினார்களா, எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதவேண்டும். தினமும் குலுக்கல் போட்டு வேறு காருக்கு மாற்றுவார்கள். கோப்பையைத் தீர்மானிப்பது காரல்ல, அந்த அட்டைகள்தான்.

இப்போது வருடா வருடம் ஏப்ரலில், அதே பழைய விதிகளோடு, பெரிக்கிலிருந்து வாரகல், அங்கிருந்து மலை ஏறி லியங்காதா, மறுபடி பெரிக் என்று மூன்று நாள் ஓட்டுகிறோம். ஓட்ட ஆள் இருக்கிறது. கண்காணிக்கத்தான் ஆள் கிடைக்காது. குளிரில் நடுங்கிக்கொண்டு யார் உட்காருவது? பெரும்பாலும் ஓட்டுபவர்களின் மச்சான், மனைவி, நண்பர் என்று யாராவது வருவார்கள். மாலையில் அட்டைகளை வாங்கிப் பார்த்தால் எந்தக் காரும் நின்றிருக்காது. வழி நெடுக நின்ற கார்களை நானே கண்ணால் பார்த்திருப்பேன். அட்டையில் ஒன்றும் இருக்காது. யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

இந்த வருடம் இரண்டு பேர் குறைந்தார்கள். அக்காவைக் கேட்டேன். விதிப் புத்தகத்தைக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு போனவர், இரண்டு முறை படித்துவிட்டுப் பதினேழு சந்தேகத்தோடு வந்தார். கழகத்தில் அந்தப் புத்தகத்தை முழுதாகப் படித்த மூன்றாவது ஆள் அவர் என்று நினைக்கிறேன்.

முதல் நாள் குலுக்கலில் அவருக்குச் சுகிர்தனின் கார் விழுந்தது.

சுகிர்தன் டண்டினோங்கில் அடிபட்ட கார்களை நிமிர்த்தும் பட்டறை வைத்திருக்கிறான். ஒரு பண்ணைக் கொட்டகையில் கோழி அடைத்து வைத்திருந்த ஒற்றை சிலிண்டர் பிரெஞ்சுக் காரை வாங்கி, பதினொரு வருடம் உட்கார்ந்து, ஓட வைத்தவன். கழகத்திலேயே மிகச் சிறிய கார் அதுதான். மலை ஏறும்போது பக்கத்தில் நடந்து போகிறவர் முந்திவிடுவார். ஆனால் நிற்காது. நிற்காத காருக்குத்தானே கோப்பை?

அன்றைக்கு ஒரே ஒரு இடத்தில் நின்றது. ஸ்பார்க் பிளக் வயர் கழன்றுவிட்டது. சுகிர்தன் குதித்து, வயரை மாட்டி, ஒரே சுழற்றலில் எஞ்சினை எழுப்பிக் கிளம்பிவிட்டான். நாற்பது விநாடி. அக்கா அதை எழுதிவிட்டார். நின்றதற்கு ஐந்து புள்ளி, நிமிடக் கணக்கில் ஒரு புள்ளி, ஆக ஆறு புள்ளி போயிற்று.

மாலை நான்கு மணிக்கு வாரகல் மண்டபத்தில் தேநீர். நான் அட்டைகளை வாங்கிக்கொண்டிருந்தேன். சுகிர்தன் நேராக அக்காவிடம் வந்தான்.

"அன்ரி, நாப்பது செக்கனையும் போய் ஆராவது எழுதுவினமே? ஒருத்தரும் எழுதமாட்டினம். வயர் கழண்டது, கொழுவினன், வெளிக்கிட்டம். அதைப்போய் நிண்டதெண்டு சொல்லுறியள்!"

"நின்னுச்சா இல்லையா?"

"நிண்டதுதான்…"

"அப்புறம் என்னா?"

"மற்றாக்களின்ர அட்டையளைப் பாருங்கோ அன்ரி. ஒருத்தரும் நிக்கேல்லையாம். நான் மட்டும்தான் நிண்டனானாம். எனக்கு மட்டும் ஏன் இந்த வில்லங்கம்?"

அக்கா துணிப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். அவர் கையால் செய்த கறிபாப். மாவுக்குள் உருளைக்கிழங்குக் கறி வைத்துப் பொரித்தது. ஒன்றை எடுத்து நீட்டினார்.

"காலையிலேர்ந்து நீங்க ஒண்ணும் சாப்பிடல, நான் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். இதைச் சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டு வந்து சண்டை போடுங்க."

அவன் கோபத்தோடு வாங்கிக் கோபத்தோடு தின்றான். இரண்டாவதும் கேட்டு வாங்கினான். கழகச் செய்தி மடலுக்குப் படம் எடுப்பவர் அந்தப் பக்கம் வந்தவர், அந்த நேரத்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார். நான் மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர்கள் பேசிய ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது. அந்த மண்டபத்தில் தமிழ் தெரிந்த மூன்றாவது ஆள் நான் மட்டும்தான்.

இரண்டாம் நாள் குலுக்கலில் அக்காவுக்கு விழுந்தது கழகத் தலைவர் கிரஹாமின் கார். நான்கு சிலிண்டர், பித்தளை விளக்குகள், கண் கூசும் பச்சைப் பூச்சு. நான்கு வருடமாக ஹாலோரன் கோப்பை அவர் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. அந்த நான்கு வருடமும் அவர் காரைக் கண்காணித்தவர்களில் அவர் மச்சான் உண்டு, கோல்ஃப் ஆடும் கூட்டாளி உண்டு. குலுக்கல் எப்படியோ அவர்களுக்கே விழும். இந்த முறை குலுக்கியது நான். ஒழுங்காகக் குலுக்கினேன்.

கொரம்பராவுக்கு முந்திய மலையில் பச்சைக் கார் கொதித்துவிட்டது. கிரஹாம் ஓரங்கட்டி நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுத் திறந்து, இரண்டு போத்தல் தண்ணீர் ஊற்றினார். பிறகு பள்ளத்தாக்கைக் காட்டி, "படம் எடுக்க அருமையான இடம், அதனால்தான் நிறுத்தினேன். இதையெல்லாம் எழுதவேண்டாம்" என்று சிரித்தாராம். அக்காவும் சிரித்துவிட்டு எழுதினார். அவர் எழுதிய அட்டை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. பத்து நாற்பத்திரண்டுக்கு நின்றது. பத்து ஐம்பத்துமூன்றுக்குப் புறப்பட்டது. உள்ளே போன தண்ணீர் இரண்டு லிட்டர். ஆவியாக வெளியே போனது, அளவு தெரியவில்லை. படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு எழுதுவதைப் போலவே எழுதியிருந்தார். கீழே ஒரு வரி: டிரைவர் இயற்கைக் காட்சியைப் பாராட்டினார்.

நின்றதற்கு ஐந்து, பதினொரு நிமிடத்துக்குப் பதினொன்று, தண்ணீருக்கு நான்கு, ஆக இருபது புள்ளி போயிற்று.

மூன்றாம் நாள், ஞாயிறு பிற்பகல், கார்கள் எல்லாம் பெரிக் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தன. கிரஹாம் அவர் காருக்குக் குறித்த நேரத்துக்கு மூன்று நிமிடம் தாமதம், மூன்று புள்ளி. சுகிர்தனுக்கு அன்றும் முந்தைய நாளும் ஒரு குறையும் இல்லை. நான் கூட்டிப் பார்த்தேன். நூற்றுக்குச் சுகிர்தன் தொண்ணூற்று நான்கு. கிரஹாம் எழுபத்தேழு. அட்டையில் நிற்காத மற்றவர்கள் எல்லாம் தாமதத்துக்கே புள்ளி இழந்து அதற்கும் கீழே. மறுபடியும் ஒருமுறை கூட்டிப் பார்த்தேன். கோழிக் கொட்டகையில் கிடந்த வண்டி கோப்பை வாங்கப் போகிறது!

முடிவை அறிவிக்கும் முன் கிரஹாம் கமிட்டியைக் கூட்டினார். மண்டபத்துக்குப் பின்னாலிருக்கும் சின்ன அறை. நாங்கள் ஐந்து பேர். மேசைமேல் அந்தப் புகைப்படத்தை வைத்தார். அக்கா கறிபாப் நீட்டுகிறார், சுகிர்தன் வாங்குகிறான்.

"எனக்கு யார் மீதும் வருத்தமில்லை" என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பிக்கும்போதே எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். "ஆனால் இரண்டாம் நாள் அட்டையை எழுதியவரும், அதனால் லாபமடையும் போட்டியாளரும் ஒரே சமூகம். நெருக்கமானவர்கள் என்று படத்திலேயே தெரிகிறது. தங்கள் மொழியில் பேசிக்கொள்கிறார்கள், வீட்டுச் சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அந்த அட்டையை ஒதுக்கிவைப்பதுதான் முறை."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என் பக்கம் திரும்பி, மிக மரியாதையாக, "வாசு, நீயும் அந்தச் சமூகம்தானே. இதில் நீ உட்கார்ந்திருப்பது உனக்கே சங்கடமாக இருக்கும். முடிவெடுக்கும் வரை வெளியே இருக்கிறாயா?" என்றார்.

நான் எழுந்து வெளியே போனேன்.

இப்போது நினைத்தாலும் முகம் சுடுகிறது. அந்தப் படத்தில் அவர்கள் கொஞ்சிக் குலாவவில்லை, சண்டை போடுகிறார்கள். அது தெரிந்த சாட்சி அந்தக் கட்டடத்திலேயே நான் ஒருவன்தான். நெருக்கமாம்! அந்த நாற்பது விநாடிக்காக அவன் அவரைத் தாளித்துக்கொண்டிருந்தான். நான் சொல்லியிருந்தால் படமே அவருக்குச் சாதகமாகத் திரும்பியிருக்கும். நானோ பதினைந்து நிமிடம் வெந்நீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்று, காகிதக் கோப்பையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். யாருடைய காரைப் பற்றிப் பேச்சோ, அவர் உள்ளே தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அறையிலிருந்து முதலில் வந்தவர் மார்கரெட். எங்கள் தொழில்நுட்ப அதிகாரி, எழுபது வயது, கை நிறையக் கிரீஸோடு திரிபவர். கோபத்தில் மூக்கு சிவந்திருந்தது. "இரண்டுக்கு இரண்டு" என்றார். "நானும் செயலாளரும் அட்டை நிற்கவேண்டும் என்றோம். சமமாகிவிட்டது என்று கிரஹாம் தலைவரின் தனி வாக்கையும் போட்டுக்கொண்டார். நீ எங்கே போனாய் வாசு?"

நான் இருந்திருந்தால் மூன்றுக்கு இரண்டு. தலைவரின் தனி வாக்குக்கே வேலை இருந்திருக்காது.

உள்ளே போய், "அப்படியென்றால் அவர் எழுதிய முதல் நாள் அட்டையையும் ஒதுக்கவேண்டுமே" என்றேன். "அந்த அட்டையைப் பற்றி யாரும் புகார் சொல்லவில்லையே" என்றார் கிரஹாம்.

எவ்வளவு அழகான நியாயம் பாருங்கள். இரண்டு அட்டையும் நின்றால் சுகிர்தன் ஜெயிக்கிறான். இரண்டையும் தூக்கிப்போட்டாலும் அவனுக்கு நூறு, கிரஹாமுக்குத் தொண்ணூற்றேழு, அப்போதும் அவன்தான். சுகிர்தனைக் குறை சொன்ன அட்டையை வைத்துக்கொண்டு, கிரஹாமைக் குறை சொன்ன அட்டையை மட்டும் தூக்கிப்போட்டால்தான் கிரஹாம் மூன்று புள்ளியில் ஜெயிப்பார். அதைத்தான் செய்தார்கள். தமிழனுக்கு ஆறு புள்ளி வெட்டிய வெள்ளிக்கிழமை அக்கா நேர்மையானவர். தலைவருக்கு இருபது புள்ளி வெட்டிய சனிக்கிழமை அவர் சுகிர்தனின் சொந்தக்காரி. அந்த முடிவுத் தாளைத் தட்டச்சு செய்து அச்செடுத்துக் கொடுத்தவனும் நான்தான்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். மண்டபத்து ஓரத்தில் உட்கார்ந்து கம்பளிச் சால்வையை மடித்துக்கொண்டிருந்தார். பாதி மடிப்பில் கை நின்றது. அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

"நான் பொய் எழுதினேன்னு சொல்றாங்களா?"

"அப்படிச் சொல்லலைக்கா. ஒரே சமூகம், அதனால…"

"அதுக்கு அதுதானே தம்பி அர்த்தம்" என்றார். "முப்பத்துமூணு வருஷம் நான் எழுதினதைப் பார்த்துத்தான் மருந்து கொடுத்தாங்க. அந்தப் புண்ணியவான் கார்ல தண்ணி ஊத்தினதுக்கு நான் சொந்தக்காரி ஆயிட்டேனா?"

சுகிர்தனுக்குச் செய்தி எட்டிவிட்டது. வேகமாக வந்தான். என்னைப் பார்க்கவில்லை, அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தான்.

"அன்ரி, ஒரு சொல் சொல்லுங்கோ. முதல் நாள் அட்டையில பிழை விட்டிட்டன், அந்த நாப்பது செக்கனை அடிச்சுவிடுங்கோ எண்டு. அவ்வளவும்தான். நான் வெண்டிடுவன். பதினொரு வரிசம் அன்ரி."

அக்காவின் கண் கலங்கியது. அவன் தோளில் கை வைத்தார்.

"நின்னுச்சே தம்பி. நான் என்ன செய்ய?"

"அவங்கள் நீங்கள் எனக்குச் சொந்தமெண்டெல்லோ சொல்லுறாங்கள்! சொந்தமெண்டால் இப்பிடியே செய்வினம்?" என்று சிரித்தான். சிரிப்பா அது? எழுந்து போய்க் காரை டிரெய்லரில் ஏற்றத் தொடங்கினான். பரிசளிப்புக்கு நிற்கவில்லை.

ஐந்து மணிக்கு ஐந்தாவது முறையாகக் கிரஹாம் கோப்பையைத் தூக்கிப் பிடித்தார். கை தட்டினார்கள். நேர்மையான விளையாட்டு மனப்பான்மை பற்றி நாலு நிமிடம் பேசினார். குதிரை பூட்டி மலை ஏறிய பழைய கதையையும் சொன்னார், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் கோப்பையை வாங்கி ஜன்னல் வழியாக வீசவேண்டும் போல இருந்தது. கண்காணிப்பாளர் ஒவ்வொருவருக்கும் கார்ப் படம் போட்ட பீங்கான் குவளை கொடுத்தார்கள். அக்காவின் பெயரைக் கூப்பிட்டபோது, அவர் போகமாட்டார் என்று நினைத்தேன். போனார், வாங்கிக்கொண்டார். "மூணு நாள் குளிர்ல உட்கார்ந்தேன்தானே" என்றார் திரும்பி வந்து.

என் காரில்தான் கிளேட்டனுக்குத் திரும்பினோம். நெடுஞ்சாலைக்கு வந்த பிறகு அவர் கேட்டார்.

"அந்தப் படம் எடுத்தப்போ நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

"ஆமாக்கா."

"நாங்க என்ன பேசினோம்னு தெரியும்தானே?"

"தெரியும்."

"சொன்னீங்களா?"

"என்னை வெளியே போகச் சொல்லிட்டாங்கக்கா. நீயும் அதே சமூகம்னு…"

"கிரஹாம் வெளிய போனாரா?"

"இல்லை."

அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "அவங்க என்னை நம்பல. அவங்களுக்கு என்னைத் தெரியாது, போகட்டும். உங்களுக்கு என்னைத் தெரியும். நீங்க ஏன் எழுந்து போனீங்க?"

ஏதாவது செய்தாக வேண்டும் என்று, "இந்தக் கழகமே வேணாம்க்கா. நாளைக்கே கமிட்டியிலேர்ந்து ராஜினாமா பண்ணிடுறேன்" என்றேன். வீராப்பாகத்தான் சொன்னேன்.

அவர் முழுதாக என் பக்கம் திரும்பினார்.

"மறுபடியும் எழுந்து போறேன்ங்கிறீங்க."

அவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன்.

ராஜினாமா செய்யவில்லை. வேறு கடிதம் எழுதினேன். கமிட்டி உறுப்பினர்கள் எல்லோருக்கும், கழகத்தின் நூற்றுச் சொச்சம் உறுப்பினர்களுக்கும் போகும் கடிதம். வாரகல் மண்டபத்தில் அவர்கள் பேசியதை வரிவரியாக ஆங்கிலத்தில் எழுதினேன். நாற்பது விநாடிச் சண்டை, கறிபாப், எல்லாம். மூன்று விதமாகக் கூட்டினால் என்ன வருகிறது என்பதையும் எழுதினேன். தன் காருக்குத் தானே இரண்டு முறை வாக்களித்த தலைவரைப் பற்றியும் எழுதினேன். அடுத்த புதன்கிழமை கூட்டத்தில் இந்த முடிவை ரத்து செய்யத் தீர்மானம் கொண்டுவருகிறேன், யாராவது வெளியே போகவேண்டுமானால் தலைவர் முதலில் எழுந்து போகட்டும் என்று முடித்தேன். எழுதி முடித்ததும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நேராக அக்கா வீட்டுக்குப் போய்ப் படிக்கக் கொடுத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று பக்கமும் நிதானமாகப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியில் விரல் வைத்தார். விவாதத்தின்போது நான் வெளியேற்றப்பட்டேன் என்று எழுதியிருந்த வரி அது.

"உங்க கையைப் பிடிச்சு இழுத்தாங்களா?"

"இல்லைக்கா."

"கதவைத் திறந்து தள்ளினாங்களா?"

"இல்லை."

"அப்போ அவங்க செஞ்சது கேட்டது மட்டும்தான். நீங்க செஞ்சதை எழுதுங்க."

அவர் சமையலறை மேசையில் உட்கார்ந்து, அவர் பேனாவையே வாங்கி, அந்த வரியை அடித்தேன். மேலே புதிதாக எழுத வெகுநேரம் பிடித்தது. என்னை வெளியே இருக்கிறாயா என்று கேட்டார்கள், உண்மை தெரிந்திருந்தும் நானாகவே எழுந்து போனேன் என்று எழுதினேன். அக்கா வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, "சரி, அனுப்புங்க" என்றார்.